இடப்பக்கம் மூன்றாவது விலா

நவம்பர் 4, செவ்வாய்

சமூகக்கூடத்தில் இன்றும் மேளம். மாலை ஆறு மணிக்கு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஆறே காலுக்குத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து தீபாவளிக்குப் பிறகு ஒரு சிங்காரி மேளக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். தை மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அரங்கேற்றமாம். செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையாக நின்று, ஆடிக்கொண்டே அடிப்பது. அடிப்பவர்களுக்கு அது உற்சாகம். கேட்பவர்களுக்கு என்ன என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். சங்கச் செயலாளர் அடுத்த வீட்டுத் தங்கலீலா. கையில் வாங்கி முழுவதும் படித்தாள். "கண்டிப்பா கமிட்டில வைக்கேன் டீச்சர்" என்றாள். சிரிப்பை அடக்குவது போல இருந்தது. என் எழுத்து நடையில் சிரிக்க எதுவும் இல்லை.

மகள் சுபிஜா வடசேரியில் வங்கித் தேர்வு வகுப்பு முடிந்து எட்டு மணிக்கு வந்தாள். வியர்த்திருந்தாள். வந்ததும் தோசையை அடுக்கடுக்காகத் தின்றாள். உட்கார்ந்து கணக்குப் போடுவதற்கு இவ்வளவு பசிக்கும் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் புட்டு சாப்பிடும்போது சுபிஜா இடது நெஞ்சில் கையை வைத்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. லேசா வலிக்கு."

"எங்க?"

"நெஞ்சுல."

அந்த நேரம் பார்த்துத் தங்கலீலா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். "வாயுவாக்கும் மக்களே. ஓமத் தண்ணி குடி, சரியாயிரும்" என்றாள்.

இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தங்கலீலா கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டாள். பிறகு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டாமாண்டுக்கு அலைகள் பாடம் எடுத்தேன். ஒரே பத்தியை இரண்டு முறை சொன்னதாக ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள்.

நவம்பர் 8, சனி

தற்செயலாகச் சுபிஜாவின் மணிக்கட்டைப் பிடிக்க நேர்ந்தது. எழுபத்திரண்டு.

நவம்பர் 10, திங்கள்

டாக்டர் ஹெப்சிபாவிடம் போனோம். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அவசரமில்லாத பெண். சுபிஜாவைப் பார்த்து, "எப்ப இருந்து வலிக்கு மக்களே?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை காலைல இருந்து" என்றேன்.

"நடந்தா, படியேறினா கூடுதா?"

"இல்ல. காலைல எழும்பும்போதுதான் கூடுதல். மூச்சு வாங்கல. மயக்கம் இல்ல. காய்ச்சல் இல்ல" என்றேன். கேள்வி வரும் வரிசை தெரிந்திருந்ததால் நேரத்தை மிச்சப்படுத்தினேன்.

"சிகரெட், அந்த மாதிரி ஏதும்?"

"சே" என்றேன்.

"கனமா ஏதும் தூக்குனியா? எக்சர்சைஸ், விளையாட்டு?"

"இவளா? ஒரு பக்கெட் தண்ணி தூக்க மாட்டா, டாக்டர்."

டாக்டர் சுபிஜாவைப் பார்த்தார். சுபிஜா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை?"

இதற்கும் நான்தான் சொன்னேன். இவளுடைய அப்பா. நாற்பத்தொரு வயதில். தக்கலைக்குப் போகும் பஸ்ஸில். அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயுதான் என்று சொல்லி, இஞ்சிச் சாயா குடித்துவிட்டுப் போனார். ஒன்பது வருடம் ஆகிறது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துச் சுபிஜாவின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இசிஜி எடுக்கச் சொன்னார். நார்மல்.

"இசிஜி நார்மல்னா ஹார்ட் நார்மல்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

"முழுசா அப்படிச் சொல்ல முடியாது டீச்சர். அடுத்த முறை எக்கோவும் பாத்துருவோம். இப்போதைக்கு அசிடிட்டிக்கு மாத்திரை தாறேன். ரெண்டு வாரம் பாப்போம். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தா உடனே வந்துரணும்."

அந்த நேர்மை பிடித்தது. பிடிக்கவும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

மாத்திரையால் மாற்றமில்லை. சாயாவை நிறுத்தினேன், புளியை நிறுத்தினேன், மிளகாயைக் குறைத்தேன். "எனக்கு நெஞ்சுதான வலிக்கு, நாக்கையும் எதுக்கும்மா தண்டிக்கீங்க?" என்கிறாள் சுபிஜா. பேச்சில் குறையில்லை.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரை மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன்.

நவம்பர் 19, புதன்

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

வலி எல்லா நாளும் ஒன்றுபோல இல்லை. திங்கள் காலையில் சுபிஜா நன்றாக இருந்தாள். இன்று காலை தலையைத் துவட்டக் கையைத் தூக்கியவள் முகத்தைச் சுளித்தாள். என்ன வேறுபாடு என்று யோசித்துப் பார்த்தால், ஞாயிறு மாலை சமூகக்கூடத்தில் மேளம் இல்லை. நேற்று மாலை அரைமணி நேரம் கூடுதலாக அடித்தார்கள். போன வாரத்தையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். அதேதான். மேளம் கேட்ட மறுநாள் காலை வலி. மேளம் இல்லாத மறுநாள் வலி இல்லை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று வருடாவருடம் முதலாமாண்டு மாணவிகளுக்குச் சொல்கிறேன். ஆனால் இங்கே காரணம் தெளிவாகவே இருக்கிறது. செண்டையின் தாழ்ந்த அதிர்வெண் சுவரையே அதிர வைக்கிறது. என் மேசையில் தண்ணீர் டம்ளரில் வளையம் வளையமாக அலை தெரிகிறது. பலவீனமான ஓர் இதயம் பக்கத்தில் இருந்தால் அதற்கு என்ன ஆகும்? அவள் மாலையில் வடசேரியில் இருக்கிறாளே என்பது மட்டும் இடிக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது சமூகக்கூடத்தைத் தாண்டித்தானே வர வேண்டும்.

இரண்டாவது புகார் எழுதினேன். இம்முறை அறிவியல் அடிப்படையில், இரண்டு பக்கம். தங்கலீலா நின்றபடியே படித்தாள். பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"இருமல், டீச்சர். மழைக்காலம்லா."

நவம்பர் 22, சனி

சுபிஜாவின் அறையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய மின்விசிறி.

நவம்பர் 25, செவ்வாய்

கல்லூரிக்கு விடுப்பு. டாக்டரிடம் இரண்டாவது முறை.

உள்ளே போய் உட்கார்ந்ததும், மேளத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பை விளக்கினேன். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். சுபிஜா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். வெகுநேரம் சரிசெய்தாள்.

"நல்ல கவனிப்பு டீச்சர்" என்றார் டாக்டர். "ரொம்ப உபயோகமா இருக்கும். இப்ப நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"எதுக்கு?"

"பேஷன்ட்கிட்ட பேசணும்."

"நானும் அதுக்குத்தான வந்திருக்கேன்."

"அதாக்கும் டீச்சர் பிரச்சினை" என்று சிரித்தார். நர்ஸ் கதவைத் திறந்து பிடித்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் நோயாளியுடன் வருபவர்தான் எல்லாவற்றையும் சொல்வது வழக்கம். என் அம்மா எனக்குச் சொன்னாள். மாமியார் அவர் மகனுக்குச் சொன்னார். அதில் என்ன பிழை? பக்கத்தில் இருந்த பெரியவர், "மகளுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். நெஞ்சுவலி என்றேன்.

"வாயுவா இருக்கும்" என்றார்.

எழுந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் டாக்டர், பிறகு சுபிஜா, பிறகு இருவரும். நெஞ்சுவலிக்காரர்கள் இவ்வளவு சிரிப்பார்களா என்று நர்ஸைக் கேட்டேன். "சிரிச்சா நல்லதுதானே மேடம்" என்றாள்.

எக்கோ எடுக்கும்போது என்னை உள்ளே அழைத்தார்கள். சின்னத் திரை, கறுப்பு வெள்ளை. ஒரு வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தது, இரைக்கு வாய் திறக்கும் குஞ்சு போல. டாக்டர் கருவியை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் திரையின் ஓரத்தில் ஓடிய எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை.

"நல்லா இருக்கு டீச்சர். சுவர், வால்வு, பம்ப் பண்ற சக்தி எல்லாமே சரியா இருக்கு. இது அவ அப்பாவோட ஹார்ட் இல்ல. அவளோடது."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ஏசி அறைக்குள் கண்ணாடியில் ஆவி படியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் படிந்திருந்தது.

பிறகு டாக்டர் சுபிஜாவிடம், "எங்க வலிக்குன்னு ஒரே ஒரு விரலால காட்டு" என்றார். சுபிஜா ஆள்காட்டி விரலை நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் வைத்தாள். டாக்டர் அதே இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். "அம்மோ!" என்று துள்ளினாள்.

"இந்த வலிதானா அந்த வலி?"

"இதே வலிதான் டாக்டர்."

டாக்டர் என் விரலையும் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். மூன்றாவது விலா எலும்பு, நெஞ்செலும்போடு சேருகிற இடம். அங்கே இருக்கும் குருத்தெலும்பு புண்பட்டிருக்கிறதாம். "ஹார்ட் வலின்னா பெரும்பாலும் இப்படி ஒரு விரலால இடம் காட்ட முடியாது. அழுத்தினா கூடாது. இத மட்டும் வெச்சுச் சொல்லல, இசிஜி, எக்கோ எல்லாம் சேத்துப் பாத்துதான் சொல்றேன். கொஞ்ச நாள் ஓய்வு, வலிக்கு மாத்திரை. தன்னால சரியாயிரும்."

"புண்பட என்ன காரணம்?"

"கையையும் தோளையும் வெச்சுப் பழக்கமில்லாத வேலை ஏதாவது."

"அவ எந்த வேலையுமே செய்றதில்லையே."

"காரணத்த அவளே சொல்லுவா டீச்சர். நான் சொல்லக் கூடாது."

ஆட்டோவில் சுபிஜாவைக் கேட்டேன். "புத்தகப் பை கனம்மா" என்றாள். அந்தப் பையை நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு குடையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

நவம்பர் 26, புதன்

பச்சரிசி மிஞ்சியிருந்ததால் பாயசம் வைத்தேன். மிளகாயும் சாயாவும் திரும்ப அனுமதிக்கப்பட்டன. பிளம்பர் வந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் பாயசம் கொடுத்தேன். "விசேஷமா டீச்சர்?" என்றார். இல்லை, குழாய்க்காக என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

என் இரண்டு புகார்களுக்கும் பதில் வரவில்லை. அதனால் மாலையில் நேரிலேயே போனேன். நல்ல மழை. சமூகக்கூடத்தின் கதவை நெருங்கும்போது தரை காலுக்கடியில் அதிர்ந்தது. இதைத்தான் எழுதியிருந்தேன் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

இரண்டு வரிசையாகப் பெண்கள். பாதிப் பேர் செண்டை, பாதிப் பேர் இலைத்தாளம் என்கிற பெரிய ஜால்ரா. முன்வரிசையின் நடுவில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செண்டையைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தவள் சங்கச் செயலாளர் தங்கலீலா. அவளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு நேராக, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் இரண்டு குச்சிகளுடன் சுபிஜா. செண்டை இல்லை. முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்த தங்கலீலா மட்டும் கடைசியாக நிறுத்தினாள்.

"ஒரு சாயா குடிக்கேளா டீச்சர்?" என்றாள்.

நான் சுபிஜாவைப் பார்த்தேன். "வடசேரி கோச்சிங் இங்கதான் நடக்கா?"

"எம்மா... கோச்சிங் நீங்க காலேஜ் போனதும் காலைல ஆன்லைன்ல முடிச்சிருவேன். ஒரு கிளாஸும் விடல. சத்தியமா."

"தெருவுல யாருக்கெல்லாம் தெரியும்?"

எல்லோரும் தங்கலீலாவைப் பார்த்தார்கள். தங்கலீலாதான் சொன்னாள். "உங்களத் தவிர எல்லாருக்கும். பால்காரருக்கும் தெரியும்."

"என் புகார்க் கடிதம்?"

"ரெண்டும் பத்திரமா இருக்கு டீச்சர். ரெண்டாவது கடுதாசிய இங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். எங்க அடி செவுர ஆட்டுதுன்னு காலேஜ் டீச்சரே எழுதிட்டாங்களேன்னு பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்."

நான் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

சுபிஜாவை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வெறும் சத்தம்னு சொல்லுவீங்க."

"சத்தம்தான."

"பாத்தீங்களா?"

"முதல்ல போனப்பவே டாக்டர்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா? மூணு வாரமா நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லத்தான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க பக்கெட் தண்ணின்னுட்டீங்க. அப்புறம் எப்படிம்மா சொல்லுவேன்? நெஞ்சு வலிக்குன்னு சொன்ன அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். செண்டைன்னு சொன்னா அதோட நிறுத்திருவீங்க. சொல்லலன்னா நீங்க பயந்துட்டே இருப்பீங்க. என்ன செய்யன்னு தெரியல."

"நான் பயப்படல" என்றேன்.

"சரிம்மா" என்றாள். சிறுபிள்ளையைச் சமாதானம் செய்கிற குரலில்.

மழை விடும்வரை அங்கேயே நின்றோம். உள்ளே மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். சுபிஜாவின் அப்பா பத்மதாஸ் சாப்பாடு வருவதற்குள் இரண்டு விரலால் தட்டில் அடிப்பார். நிறுத்துங்கள் என்று நான் சொல்வேன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

திரும்பும்போது தங்கலீலா கேட்டாள், "புகார வாபஸ் வாங்கிக்கிடுதேளா?"

"அரைமணி நேரம் குறைக்கணும்" என்றேன்.

"பதினஞ்சு நிமிஷம்" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

செண்டையின் கனம் முழுவதும் ஒரே தோளில், கையகலம்கூட இல்லாத வாரில் தொங்குகிறது. இதை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கையை ஓங்கி அடித்தால் விலா எலும்பு புண்படாமல் என்ன செய்யும்? விசை அதேதான். பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். இத்தனை பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பழைய பள்ளிக்கூடப் பைகளின் வாரைப் பிரித்தெடுத்து, நடுவில் பஞ்சு வைத்து, இரண்டு தோளிலும் குறுக்காக வருவது போல ஒன்று தைத்தேன். தையல் இயந்திரத்தில் மூன்று ஊசி உடைந்தது. சுபிஜாவுக்காகத் தைக்கவில்லை. ஒரு கருவி தவறாக வடிவமைக்கப்பட்டிருந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

டிசம்பர் 6, சனி

தங்கலீலாவுக்கும் ஒன்று வேண்டுமாம். மற்ற எல்லோருக்கும் கூட.

டிசம்பர் 27, சனி

டாக்டர் ஹெப்சிபா அழுத்திப் பார்த்தார். சுபிஜா துள்ளவில்லை. மெதுவாகத் தொடங்கலாம், புது வாரோடு, வலித்தால் நிறுத்த வேண்டும் என்றார். வாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். இதெல்லாம் சுபிஜா சொன்னது.

ஜனவரி 23, வெள்ளி

கொடை. அரங்கேற்றம். சத்தம் மிக அதிகம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரும் அறுந்துபோகவில்லை.

சுபிஜா நடுவில் நின்று அடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு முறைகூட நெஞ்சில் கை வைக்கவில்லை. வேறு எதையும் நான் கவனித்ததாக நினைவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

வங்கித் தேர்வு நெருங்குகிறது. சுபிஜா இப்போது உண்மையிலேயே வடசேரிக்கு மாலை வகுப்புக்குப் போகிறாள். எட்டு மணிக்குத்தான் வருவாள். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியில் விடைத்தாள் திருத்துவது ஏனோ ஓடவில்லை. காற்று வாங்கச் சமூகக்கூடம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

வாரின் நீளம் எல்லா உயரத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. சோதனை என்றால் அணிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அணிந்தால் அடித்தும் பார்த்துத்தான் ஆக வேண்டும். தங்கலீலா குச்சி பிடிக்கும் விதத்தைக் காட்டினாள்.

"இவ்வளவு கோவமா டீச்சர் உங்களுக்கு?" என்றாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

சோதனை தொடர்கிறது. ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

பிப்ரவரி 11, புதன்

காலையில் இட்லி மாவைக் கிண்டும்போது இடது நெஞ்சில் வலி. நான் எதுவும் சொல்லவில்லை. கையை மட்டும் ஒரு கணம் வைத்தேன் போலிருக்கிறது. சுபிஜா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வகுப்பும் வேண்டாம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, என்னை ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எண்ணுகிறாள் என்று தெரிந்தது. அது ஒன்றும் தற்செயல் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் நவம்பரில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. ஆட்டோவிலேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பேசாதீங்கம்மா, மூச்சு வாங்கும்" என்றாள்.

முதலில் இசிஜி எடுத்தார்கள். நார்மல். பிறகு டாக்டர் ஹெப்சிபா என்னைப் பார்த்து, "எப்ப இருந்து வலிக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலைல இருந்து" என்றாள் சுபிஜா.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல. மயக்கமும் இல்ல. பிபி, சுகர் ஒண்ணும் கிடையாது" என்றாள் சுபிஜா.

"எங்க வலிக்குன்னு ஒரே விரலால காட்டுங்க."

காட்டினேன். இடப்பக்கம், மூன்றாவது விலா. டாக்டர் அழுத்தினார். அம்மோ என்று கத்தக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். கத்தினேன்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கனமா ஏதாவது தூக்குனீங்களா டீச்சர்? கைக்குப் பழக்கமில்லாத வேலை ஏதும்?"

"எங்கம்மாவா?" என்றாள் சுபிஜா. "சாக்பீஸத் தவிர ஒண்ணும் தூக்க மாட்டாங்க, டாக்டர்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கதவுப்பக்கம் கையைக் காட்டினார்.

"மக்களே சுபிஜா, நீ கொஞ்சம் வெளிய இரு."